இல்லங்கள் காத்த திருவூர்

ஜெர்மனி நாட்டின் படத்தை மேசைமீது விரித்து, அதன் நடுப்பகுதியில் ஒரு விரலை ஊன்றினால், அவ்விரலின் கீழே ஹைலிகன்ஸ்டாட் என்னும் சிறு நகர் முற்றிலும் மறைந்துபோகும். துரிங்கியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஹெஸ்ஸே, கீழ் சாக்சனி என்னும் வேறு இரு மாநிலங்களின் எல்லைகள் வந்து கூடும் இடத்துக்கு அருகே அது அமைந்துள்ளது. மக்கள்தொகை ஏறக்குறைய 17,000. ஐக்ஸ்பெல்டு மாவட்டத்தின் தலைநகர் என்னும் சிறப்பு அதற்கு உண்டு. ஆயினும் அதன் பழைய நகர்ப்பகுதியை ஒரு மணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். உலக வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயரைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாந்தே போவர். எனினும், விசுவாசம் ஒரு குடும்பத்தில் எவ்வாறு வேரூன்றி நிற்கிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு இச்சிற்றூரின் வரலாறு நல்லதொரு பாடநூல் எனலாம்.

2004-ஆம் ஆண்டுக் கோடையில், கோட்டிங்கன் நகருக்கு அருகே உள்ள ஒரு பங்கில், அங்குள்ள பங்குக் குரு விடுப்பில் சென்றிருந்த நாள்களில் திருப்பலி நிறைவேற்றும் பணி நமக்குக் கிட்டியது. ஓய்வு கிடைத்த நாள்களில் புகைவண்டி ஏறி, அரை மணி நேரத்தில் ஹைலிகன்ஸ்டாட் சென்று இறங்குவோம். ஒருமுறை கண்ட ஊரை மீண்டும் மீண்டும் காணச் சென்றோம் என்றால், அதற்குக் காரணம் அதன் கட்டடங்களைவிட அதன் மக்களே.

முதலில் ஊரின் கிடப்பைச் சொல்லிவிடுவோம். வடக்கே ஹார்ஸ் மலைத்தொடர்; தெற்கே ஐபெர்க் என்னும் காடு சூழ்ந்த குன்று. இவற்றுக்கிடையே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பூமிதான் ஐக்ஸ்பெல்டு. ஊருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் லைனே என்னும் ஆறு ஊற்றெடுத்து, ஹைலிகன்ஸ்டாட்டைத் தழுவிக்கொண்டு மேற்கே செல்கிறது. கைஸ்லேடெ என்னும் சிற்றாறு ஊருக்குள் வந்து அதனோடு கலக்கிறது. மண் வளம் குறைந்தது, குளிர் மிகுந்தது. இம்மண்ணை நம்பி மட்டும் பிழைப்பது அன்றும் அரிதாகவே இருந்தது.

ஊரின் பெயருக்குப் 'புனித இடம்' என்று பொருள் கூறுவர். நம் மொழியில் 'திருவூர்' என்று சொல்லலாம் போலும்! நோயுற்றிருந்த பிராங்கு மன்னன் தகோபெர்ட், வேட்டைக்கு வந்தபோது இங்குப் புல்வெளியில் படுத்து உறங்கினான் என்றும், அவ்விடத்துப் பனித்துளி பட்டு நலம் பெற்றான் என்றும், தோண்டிப் பார்க்கையில் மைன்ஸ் நகரின் மறைசாட்சிகளான புனித அவுரேயுஸ், புனித யுஸ்தீனுஸ் ஆகியோரின் கல்லறை தென்பட்டது என்றும் ஒரு மரபுக் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், ஊரின் பெயர் 973-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் காணப்படுகிறது. 1227-ஆம் ஆண்டில் மைன்ஸ் பேராயர் இரண்டாம் சீக்பிரீட் அதற்கு நகர உரிமை வழங்கினார்.

இங்கு ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மைன்ஸ் பேராயர் அக்காலத்தில் ஆயர் மட்டும் அல்லர். வரி வாங்கி, படை நடத்தி, தீர்ப்பு வழங்கிய அரசரும் அவரே. தொலைவில் ரைன் நதிக்கரையில் இருந்துகொண்டு அவர் ஐக்ஸ்பெல்டை ஆண்டார். செங்கோலும் ஆயர்கோலும் ஒரே கையில் இருந்தன. இது வரமா, சாபமா என்பதைக் காலம் காட்டியது.

1525-ஆம் ஆண்டில் குடியானவர் எழுச்சி வெடித்தது. அண்டை நகரான மூல்ஹவுசனிலிருந்து தாமஸ் முன்ட்சர் என்னும் போதகரின் தலைமையில் கிளம்பிய கூட்டம் ஐக்ஸ்பெல்டில் புகுந்து மடங்களையும் கோட்டைகளையும் சூறையாடியது. மடாதிபதிகள் நிலக்கிழார்களாகவும் இருந்ததை எண்ணினால், ஏழைகளின் சினம் ஏன் மடங்களின்மீது பாய்ந்தது என்பது விளங்கும். இதே ஊரில் 1460-ஐ ஒட்டிப் பிறந்தவர் தில்மான் ரீமன்ஷ்னைடர் என்னும் மாபெரும் சிற்பி. வூர்ட்ஸ்பர்க் நகரில் குடியேறி, அந்நகரின் மேயராகவும் உயர்ந்தவர். அதே 1525-இல், குடியானவர்க்கு எதிராகத் தம் ஆயரின் பக்கம் நிற்க மறுத்த நகரவையில் இருந்தமைக்காக அவர் சிறையில் அடைக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். அவர் செதுக்கிய அன்னை மரியாளின் முகங்களில் காணும் துயரம் வெறும் கற்பனை அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

லூத்தரின் கொள்கை பரவியபோது ஐக்ஸ்பெல்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் அதனை ஏற்றுக்கொண்டனர். அரை நூற்றாண்டுக் காலம் இப்பகுதி சீர்திருத்தச் சபையினரின் பூமியாகவே இருந்தது. 1574-இல் பேராயர் டானியேல் பிரெண்டல் நேரில் வந்தார். மறு ஆண்டில், 1575-இல், இயேசு சபைக் குருக்கள் ஹைலிகன்ஸ்டாட்டில் கல்லூரி நிறுவினர். மறைக்கல்வியும் பள்ளிக்கூடமும் திருநாள் நாடகங்களும் மக்களை மீண்டும் கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கொண்டுவந்தன என்று எழுதிவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால், அரசாணையும் அவற்றோடு சேர்ந்தே வேலை செய்தது என்பதை மறைத்தல் முறையன்று. போதகர்கள் வெளியேற்றப்பட்டனர், இணங்காதோர்க்கு நெருக்கடிகள் தரப்பட்டன. 'ஆள்பவன் மதமே ஆளப்படுவோர் மதம்' என்பது அக்காலத்துச் சட்டம். லூத்தரின் கொள்கையை ஏற்ற அரசர்களும் தத்தம் நாடுகளில் அவ்வாறே செய்தனர். எவர் செய்யினும், ஆணையால் வந்த விசுவாசம் ஆணை உள்ள வரையில்தானே நிற்கும்?

அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திய இளைஞர்களுள் ஒருவர், பிற்காலத்தில் ஐரோப்பா முழுதும் புகழ்பெற்ற அறிஞரான அத்தனாசியுஸ் கிர்ஷர். 1620-களின் தொடக்கத்தில் அவர் ஹைலிகன்ஸ்டாட்டுக்கு வரும் வழியில், எதிர்த்தரப்புப் போர்வீரர் அவரைப் பிடித்துத் தூக்கிலிட முயன்றனர். அவ்வீரர்களுள் ஒருவனே இரங்கிப் பரிந்து பேசியதால் உயிர் தப்பினார். முப்பதாண்டுப் போரின் கொடுமைகளுக்கிடையே நடந்த இச்சிறு செய்தி, நல்ல உள்ளம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று என்பதை நினைவூட்டுகிறது.

செங்கோல் கைமாறும் நாளும் வந்தது. 1802-இல் பிரஷ்யப் படை ஐக்ஸ்பெல்டை எடுத்துக்கொண்டது. மைன்ஸ் பேராயரின் ஆட்சி அத்துடன் முடிந்தது. இயேசு சபையோ 1773-இலேயே கலைக்கப்பட்டிருந்தது. மடங்கள் மூடப்பட்டன. ஊரின் மிகப் பழைய கோவிலான புனித மார்ட்டின் ஆலயம் சீர்திருத்தச் சபையினரிடம் சென்றது. 1815-க்குப் பின் ஐக்ஸ்பெல்டே இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஹைலிகன்ஸ்டாட் இருக்கும் மேல் ஐக்ஸ்பெல்டு பிரஷ்யாவுக்கும், டூடர்ஸ்டாட் நகர் இருக்கும் கீழ் ஐக்ஸ்பெல்டு ஹனோவர் அரசுக்கும் ஒதுக்கப்பட்டன.

பாதுகாத்த அரசன் போய்விட்டான். இனி இம்மக்கள் பெரும்பான்மையரின் பக்கம் சாய்ந்துவிடுவர் என்றே எவரும் எண்ணியிருப்பர். நடந்தது வேறு. அரசாணை மறைந்த பின்னரே இவ்வூரின் விசுவாசம் மக்களின் சொந்தப் பொருளாயிற்று. அதனைக் காத்தவர் யார் என்று கேட்டால், ஏழைக் குடும்பங்களின் தாய்மார்களையே நாம் காட்டுவோம். கைத்தறி நெசவு நொடித்துப் போன பின், ஐக்ஸ்பெல்டு ஆண்கள் ஆண்டுதோறும் கொத்தனார்களாகவும், அறுவடைக் கூலிகளாகவும், ஊர் ஊராய்ப் பொருள் விற்கும் வணிகர்களாகவும் தொலைதூரம் சென்றனர். பனிக்காலத்தில்தான் வீடு திரும்புவர். மற்ற மாதங்களில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவளும், ஞாயிறு தோறும் கோவிலுக்கு அழைத்துச் சென்றவளும், நோயாளிக்குக் குருவை அழைத்தவளும் அவளே. தொழில் தேடி மறுதிருச்சபையினர் ஊர்களில் தங்கிய தந்தையர், தாம் யார் என்பதை அங்கே இன்னும் தெளிவாக உணர்ந்தனர்.

பிஸ்மார்க் காலத்தில் சோதனை முற்றியது. 'பண்பாட்டுப் போராட்டம்' என்று பெயரிட்டு, 1870-களில் பிரஷ்ய அரசு குருக்களின் பயிற்சியையும் நியமனத்தையும் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றது. அப்போது ஹைலிகன்ஸ்டாட் பாடர்போர்ன் மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன் ஆயர் கொன்ராட் மார்ட்டின் இம்மண்ணின் மைந்தர். 1812-இல் கைஸ்மார் என்னும் ஐக்ஸ்பெல்டுச் சிற்றூரில் பிறந்தவர். அவர் சிறையிடப்பட்டார், 1875-இல் அரசினால் பதவி நீக்கப்பட்டார், 1879-இல் நாடுகடந்து பெல்ஜியத்தில் உயிர்நீத்தார். தங்கள் ஊர்ப் பிள்ளை சிறை சென்றதைக் கண்ட மக்கள் கோவிலை விட்டு விலகவில்லை.

இவ்வூரில் சிறுபான்மையராய் வாழ்ந்தோரையும் நினைத்துப் பார்ப்பது நன்று. யூதக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் ஹைன்ரிக் ஹைனே, கோட்டிங்கனில் சட்டம் பயின்றபோது, 1825-ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று இங்கு வந்து சீர்திருத்தச் சபையில் திருமுழுக்குப் பெற்றார். யூதராக இருந்தால் அரசுப் பணிகள் கிட்டா என்பதே அதன் பின்னணி. அச்செயல் அவருக்கு வாழ்நாள் முழுதும் உறுத்தலாகவே இருந்தது. கவிஞர் தியோடோர் ஸ்டோர்ம் 1856 முதல் 1864 வரை இவ்வூரில் நீதிபதியாகப் பணியாற்றினார். ஜெர்மானியக் குழந்தைகள் கிறிஸ்மஸ் நாள்களில் இன்றும் ஒப்புவிக்கும் ஒரு கவிதையை அவர் இங்கு வாழ்ந்த காலத்தில், 1862-இல் எழுதினார். அவர் பெயரால் இங்கு இலக்கியக் காட்சியகம் ஒன்று உள்ளது.

இட்லரின் காலத்தில் ஐக்ஸ்பெல்டு மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர் சார்ந்த நடுவக் கட்சிக்கே வாக்களித்தனர். 1933 மார்ச் மாதத் தேர்தலிலும் அவ்வாறே. இதனைப் பெருமையோடு சொல்வோர் உண்டு, சொல்லத்தக்கதே. ஆயினும் அதனோடு நிறுத்துவது உண்மைக்கு இழுக்கு. ஹைலிகன்ஸ்டாட்டில் தொழுகைக்கூடம் கட்டி வாழ்ந்த சிறு யூத சமூகம் அவ்வாண்டுகளில் ஒடுக்கப்பட்டு அழிந்தது. தம் கோவிலைக் காக்கத் தெரிந்த ஊரால், அடுத்த தெருவில் வாழ்ந்தவரைக் காக்க இயலவில்லை. சொந்த மக்களை மட்டும் அணைக்கும் விசுவாசம் எத்துணை உறுதியாயினும் குறையுள்ளதே என்பதை இவ்வூரும் நமக்குக் கற்பிக்கின்றது.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது. ஜூலையில் அது விலகி, சோவியத் படை வந்தது. கோட்டிங்கன் செல்லும் முக்கியப் புகைவண்டிப் பாதையின் ஒரு சிறு துண்டு சோவியத் பகுதிக்குள் அகப்பட்டுக்கொண்டதால், 1945 செப்டம்பர் 17 அன்று வான்பிரீட் என்னும் ஊரில் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஹெஸ்ஸேயின் 5 சிற்றூர்கள் சோவியத் பக்கமும், ஐக்ஸ்பெல்டின் 2 சிற்றூர்கள் அமெரிக்கப் பக்கமும் மாற்றப்பட்டன. ஒரு தண்டவாளத்துக்காக மனிதர்களின் நாடே மாறிப்போயிற்று! 1952 மே மாதத்தில் கிழக்கு ஜெர்மன் அரசு எல்லையை மூடியது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் உழுது விட்ட நிலம். அடுத்து 500 மீட்டர்க் காவல் பட்டை. அதற்கும் அப்பால் 5 கிலோமீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. 'நம்பத்தகாதவர்' என்று கருதப்பட்ட குடும்பங்கள் இரவோடு இரவாக ஏற்றிச் செல்லப்பட்டன. 1961 அக்டோபர் 2 இரவில் பெசெக்கன்டார்ஃப் என்னும் ஐக்ஸ்பெல்டுச் சிற்றூரிலிருந்து குழந்தைகள் உட்பட 53 பேர் ஒன்றாகக் கிளம்பி எல்லையைக் கடந்து மேற்கே சேர்ந்தனர். லைனே ஆறு மட்டும் அனுமதிச்சீட்டு ஏதுமின்றி நாள்தோறும் மேற்கே சென்றுகொண்டிருந்தது.

இக்காலத்தைப் பற்றி, ஹைலிகன்ஸ்டாட் மரியன்னை ஆலய வாயிலில் நாம் சந்தித்த முதியவர் ஒருவர் கூறியதை இங்கே எழுதுகிறோம். அவர் 5 கிலோமீட்டர்ப் பகுதிக்குள் இருந்த சிற்றூரைச் சேர்ந்தவர். 1964-இல் அவருக்கு மகன் பிறந்தான். தம் அண்ணனே ஞானத்தந்தையாக இருக்க வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். அண்ணனோ ஆறு ஆண்டுகளுக்கு முன்பே டூடர்ஸ்டாட் பக்கம் போய்விட்டவர். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவே; ஆனால் நடக்க இயலாது. வேறொருவர் அண்ணனின் சார்பில் நின்று குழந்தையைத் திருமுழுக்குத் தொட்டியருகே ஏந்தினார். பதிவேட்டில் அண்ணனின் பெயரே எழுதப்பட்டது. 1973-இல் டூடர்ஸ்டாட் அருகே எல்லைக்கடவு ஒன்று திறக்கப்பட்ட பின், ஒருநாள் அனுமதியோடு வந்த அண்ணன், ஹைலிகன்ஸ்டாட்டில் உறவினர் வீட்டில் தம் ஞானமகனை முதன்முதலாகக் கண்டார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது கடந்திருந்தது. தடைப்பகுதிக்குள் இருந்த சொந்த ஊருக்கு அவரால் அப்போதும் செல்ல முடியவில்லை. 1989 நவம்பரில் எல்லை திறந்த அந்த வாரத்தில்தான் அவர் அவ்வூர்க் கோவிலுக்குள் நுழைந்து, அந்தத் திருமுழுக்குத் தொட்டியின் விளிம்பில் கை வைத்து நின்றாராம். "தினமும் இரவில் அவர் பெயரைச் சொல்லித்தான் பையனைச் செபிக்க வைத்தோம். அதனால் அவன் அவரைப் புது மனிதராகப் பார்க்கவில்லை" என்றார் முதியவர். ஞானப் பெற்றோர் என்போர் திருமுழுக்கு நாளில் மட்டும் தேவைப்படுவோர் என்று எண்ணும் நமக்கு, இது சிந்திக்கத்தக்கது.

பொதுவுடைமை அரசு இம்மக்களை மாற்றப் பல வழிகளில் முயன்றது. 1955 முதல் பதினான்கு வயதுச் சிறுவர்க்கு 'இளையோர் உறுதிமொழி விழா' என்னும் அரசுச் சடங்கைப் புகுத்தியது. மறுத்த பிள்ளைகளின் மேற்படிப்பு கேள்விக்குறியாகியது. ஐக்ஸ்பெல்டில் எதிர்ப்பு வலுவாக இருந்தது. நாளடைவில் பிள்ளையின் எதிர்காலம் கருதி இணங்கிய பெற்றோரும் இருந்தனர். அவர்களைப் பழிப்பதற்கு, அந்நிலையில் நின்றிராத நமக்கு உரிமையில்லை. 1959-இல் 'ஐக்ஸ்பெல்டுத் திட்டம்' தீட்டி, லைனெபெல்டு என்னும் ஊரில் பெரிய பஞ்சாலை அமைத்து, வெளியூர்த் தொழிலாளரைக் குடியேற்றியது. தொழில் வந்தது; சம்பளமும் வந்தது; அவற்றோடு கோவில்களும் நிறைந்தே இருந்தன. ஆண்டவரின் விண்ணேற்ற நாளில் 'கிளூஷன் ஹாகிஸ்' என்னும் சிற்றாலயத்துக்கு ஆண்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே சென்றனர். குருத்தோலை ஞாயிறன்று, ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் ஆளுயரச் சுரூபங்களை ஹைலிகன்ஸ்டாட் வீதிகளில் தோளில் சுமந்து வந்தனர். இயேசு சபையினர் காலத்தில் வேரூன்றிய அப்பவனி இன்றும் நடைபெறுகிறது.

1990 மே மாதத்தில், துண்டிக்கப்பட்டிருந்த புகைவண்டிப் பாதை மீண்டும் இணைக்கப்பட்டது. 1994-இல் இரண்டு மாவட்டங்கள் இணைந்து ஐக்ஸ்பெல்டு மாவட்டம் உருவாயிற்று. அதே ஆண்டில் எர்ஃபுர்ட் மறைமாவட்டமும் நிறுவப்பட்டது. 2011 செப்டம்பர் 23 அன்று, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், ஐக்ஸ்பெல்டின் எட்செல்ஸ்பாக் மரியன்னைத் திருத்தலத்துக்கு வந்து மாலைப் புகழ் மன்றாட்டை நடத்தியபோது, ஏறத்தாழ 90,000 பேர் வயல்வெளியில் கூடினர்.

இத்துடன் கதையை முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை இன்னும் சிறிது நீள்கிறது. விடுதலை வந்த பின் ஆலைகள் மூடின. 1993-இல் பிஷோஃபெரோடெ என்னும் ஊரில் பொட்டாசுச் சுரங்கத் தொழிலாளர் உண்ணாநோன்பு இருந்தும், ஆண்டிறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. இளைஞர் பலர் மேற்கே சென்றனர். குருக்கள் குறைந்தனர், பங்குகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. இன்றும் துரிங்கியாவில் கத்தோலிக்கர் செறிந்து வாழும் பகுதி ஐக்ஸ்பெல்டுதான். ஆயினும் ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் முன்போல் இல்லை. "அவர்கள் தடுத்தபோது எங்களுக்கு வழி தெரிந்தது. இப்போது யாரும் தடுக்கவில்லை, எதற்காகப் போக வேண்டும் என்று பேரன் கேட்கிறான்" என்றார் அதே முதியவர். அவர் குறைகூறவில்லை, விடை தேடிக்கொண்டிருந்தார்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்தப் பேரனின் கேள்வி ஐக்ஸ்பெல்டுக்கு மட்டும் உரியதா? நம் பிள்ளைகளும் அதனைக் கேட்கும் நாள் வரும். சில இல்லங்களில் வந்தும் விட்டது. ஆணையிட்டு அவர்களை அடக்க முயன்றால், அது 1575-இன் வழி. ஆணை தளர்ந்த அன்றே பயன் தளரும். எதிரியைக் காட்டி ஒன்றுசேர்த்தால், எதிரி மறைந்த அன்று காரணமும் மறைந்துவிடும். மிஞ்சுவது அந்த எல்லைப்புறக் குடும்பம் காட்டிய வழியே. தாய் தந்தையர் தாமே நம்பி, தாமே செபித்து, கண்காணாத உறவினரையும் அண்டை வீட்டாரையும் பெயர் சொல்லி நினைத்து வாழ்வதைப் பிள்ளை நாள்தோறும் காண வேண்டும். அவ்வாறு கண்ட பிள்ளைக்கு, நம்மால் சொல்ல இயலாத விடையும் ஒருநாள் தானே புலப்படும் என்று நம்புகிறோம். இன்றிரவு நம் வீட்டுச் செபத்தில் யார் யார் பெயரைச் சொல்லப் போகிறோம் என்பதிலிருந்தே தொடங்குவோமாக.